ஒரு சீசன் முழுக்கச் சொன்ன பொய்

முதலில் ரத்தம்தான் வந்தது. மலத்தோடு கலந்து வந்ததை மூலம் என்று நானே முடிவுசெய்து, மூன்று மாதம் கணவர் சுந்தரிடம்கூடச் சொல்லவில்லை. கூச்சம். ஜூனில் டாக்டர் மலக்குடலில் புற்றுநோய் என்றார். ஜூலையில் அறுவை சிகிச்சை முடிந்து விழித்தபோது, வயிற்றின் இடப்பக்கம் ஸ்டோமா (குடலின் நுனியை வெளியே எடுத்துத் தைத்த வாய்) இருந்தது. அதன்மேல் ஒட்டிய பையில்தான் இனி மலம் சேரும். நிரந்தரமாக.

என்னைப் போலப் பை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் மகன் அருண் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கர். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது அவன் வேலை. அது அவனுடைய கடைசி சீசன். அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மைதானம் இருபது நிமிட டிரைவ். மூன்று வருடமாக அங்கே நடந்த ஓர் ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. அவன் ஹாஸ்டலில் இருந்ததால், சின்னக் கட்டி எடுத்தார்கள் என்று மட்டும் சொல்லிவைத்தோம்.

ஸ்டேடியத்துக்குள் கண்ணாடிபோல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான் அனுமதி. அதில் வைத்தால் என் மாற்று ஸ்டோமாப் பைகள் எல்லோர் கண்ணிலும் படும். எங்கள் அபார்ட்மென்ட்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். மருத்துவப் பொருள் என்று கேட்டில் சொன்னால் உள்ளே தெரியாத பையோடும் விடுவார்கள் என்றார் சுந்தர். நான் கேட்கவில்லை. ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் கோயில் என்று அருணிடம் காரணம் சொன்னேன்.

அக்டோபரில், கடைசி நிமிடத்தில் அவன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போய், அணி ஒரு புள்ளியில் தோற்றது. அடுத்த ஆட்டத்துக்கும் வரவில்லை என்று நான் சொன்னதும் போனில் கேட்டான்.

"நான் மிஸ் பண்ணதாலயாம்மா? ஆர் யூ எம்பாரஸ்ட்?"

"ஆமாடா. எல்லாரும் கேக்கறாங்க. கஷ்டமா இருக்கு" என்றேன்.

அப்படி ஒரு காரணத்தை அவனே கொடுத்தான். நான் எடுத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை அவன் மூன்று உதைகளில் இரண்டைத் தவறவிட்டான். கோச் அவனை பெஞ்சில் உட்காரவைத்தார்.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த சுந்தர் ஒரு வாரம் கழித்துத்தான் வாய் திறந்தார். "உன் வெக்கத்த அவன் தலைல கட்டிட்ட."

அன்றே அருணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில், "வலிக்குதாம்மா?" என்று கேட்டான். அதன்பின் நான்கு நாள் என் போனை எடுக்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்குப் போனேன். கேட்டில் இருந்த பெண் மாற்றுப் பைகள் இருந்த என் கைப்பையைத் திறந்து பார்த்து, மூடி, உள்ளே அனுப்பினாள். பின்னால் நின்ற பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்தார். பிறகு தன் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அருணைக் கடைசிவரை களத்தில் இறக்கவேயில்லை. அணி ஜெயித்தது. அழுக்குப் படாத ஜெர்சியோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். என் வயிற்றில் இருந்த பை அவன் இடுப்பில் பட்டது. அவன் நகரவில்லை.

இப்போது வேலைக்குப் போகிறான். என் நாளோ நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பையைக் காலிசெய்வதில் நகர்கிறது. அது பழகிவிட்டது. ஆனால் அவன் கட்டிக்கொள்ள வரும்போது, இன்றும் என் உடம்பு முதலில் ஓர் அடி பின்னால் போகிறது. அதற்குப் பிறகுதான் நான் நிற்கிறேன்.