கடையில் ஓடுகிறது, வீட்டில் அணைகிறது

பத்தாம் வகுப்பு மதிப்பெண்களை இன்று மாலைக்குள் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். கம்ப்யூட்டரோ அரை மணிக்கு ஒருமுறை தானாகவே அணைந்துவிடுகிறது.

இந்த வாரம் இரண்டு முறை சிபியுவை ஸ்கூட்டரில் வைத்து கூடுவாஞ்சேரி கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே நாள் முழுக்க ஓடியது.

"நம்மகிட்ட நல்லாத்தான் கீது சார். உங்க வூட்லதான் இன்னாவோ" என்ற மெக்கானிக், இன்று அவரே வீட்டுக்கு வந்தார்.

மேசைக்கு அடியில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னா சார் இது, பொன்னாடையா?"

ஆமாம். ஆசிரியர் விழாவில் எனக்குப் போர்த்தியது.

"தூசி படியக் கூடாதுன்னு நான்தான் சிபியுவுக்குப் போத்தினேன். கடைக்குப் போறப்ப மட்டும் கழட்டி வெப்பேன். பீரோவுல சும்மாதானே கெடந்துது" என்றார் மனைவி.

"சூடு வெளிய போவ வழியே இல்லம்மா, அதான் ஆஃப் ஆவுது. மேடையில போத்துனா சாரே ரெண்டு நிமிசத்துல கழட்டிடுவாரு. இது பாவம், மரியாதைக்குப் போட்டுகினே கீது."

கழற்றினோம். மதிப்பெண்கள் ஏறிவிட்டன.

பொன்னாடை இப்போது வாஷிங் மெஷின் மேல் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்குப் போர்த்தியிருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.