கூர் வைக்க மாட்டேன்

எண்பதுகளின் நடுவில், நாட்டின் தலைநகரில், கரோல் பாக்கில் ஒரு லேத் பட்டறையில் நான் ஃபோர்மேன். கோயம்புத்தூரில் கற்ற தொழில். பம்ப் ஷாஃப்ட், புஷ், கியர் வீல் போன்ற மெஷின் பாகங்கள்தான் எங்கள் வேலை.

ஒரு நாள் காலை, நீளத் திலகமிட்ட ஒருவர் முதலாளி சோப்ராவின் மேஜைமேல் ஒரு திரிசூலத்தை வைத்தார். பேட்டைப் பையன்களைத் திரட்டித் தடிப் பயிற்சி கொடுக்கும் ஓர் அமைப்பின் தலைவர் அவர். தெருவுக்கே தெரியும்.

"இதே மாதிரி நிறைய வேணும். ஜல்தி, சீக்கிரம்."

சோப்ரா என்னைக் கூப்பிட்டார். எடுத்துப் பார்த்தேன். முழங்கை நீளம்கூட இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. நடு முள்ளை இரண்டு பக்கமும் கத்திபோலக் கிரைண்டிங் செய்து, கூர் மழுங்காமலிருக்க டெம்பர் ஏற்றியிருந்தார்கள்.

என் அரைகுறை இந்தியில் கேட்டேன்: "கோயிலுக்குன்னா பித்தளையில செய்யலாமே ஜி. சாமி கையில இருக்கறதுக்கு டெம்பர் எதுக்கு?"

"ஆத்மரக்ஷைக்கு, நம்மளைக் காத்துக்க" என்று சிரித்தார். "நீங்களும் இந்துதானே மாஸ்டர்ஜி?" பிறகு கிரைண்டரில் நின்ற எங்கள் தொழிலாளி ரஃபீக்கைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "இந்த வேலையை அவன்கிட்ட குடுக்காதீங்க. அவங்களுக்காகத்தான் செய்யறதே."

ரஃபீக் வீலை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

எனக்கு உடம்பு கொதித்தது. "திருநீறு பூசாம நான் மெஷினைத் தொடறதில்ல ஜி. அதனாலதான் சொல்றேன். இதுக்கு நான் கூர் வைக்க மாட்டேன். இந்தப் பட்டறையில யாரும் வைக்க மாட்டாங்க."

"பட்டறை உங்களுதா?" என்று கேட்டவர், சாம்பிளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

சோப்ரா கத்தினார். "பைத்தியமா உனக்கு? நீ மோதி பாக்குக்கு பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவ. நான் இதே தெருவுல இருக்கணும்!"

சாப்பாட்டு வேளையில் ரஃபீக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாஸ்டர்ஜி, நானே கிரைண்ட் பண்ணிக் குடுத்துடறேன். மாட்டேன்னா என் வீட்டுக்குத்தான் முதல்ல வருவாங்க. பொண்ணுங்க இருக்கு."

தன் கழுத்துக்கான கத்தியைத் தானே தீட்டித் தருகிறேன் என்கிறான். "நீ அதைத் தொட்டா நான் வேலையை விட்டுடுவேன், தம்பி" என்றேன்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் ஒரு கூட்டம் தடியோடு நின்றது. தலைவர் முன்னால். சாம்பிளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். "உங்க பொருள். எடுத்துட்டுப் போங்க" என்று அவரிடம் நீட்டினேன்.

ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "மதராஸி, ஊருக்கு ஓடு!"

சோப்ரா உள்ளேயிருந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். "நாப்பத்தேழுல லாகூர்ல இதே மாதிரி ஒரு கூட்டம் எங்க வாசல்ல நின்னுது. அவங்க வேற சாமி பேரைச் சொன்னாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். எங்க அண்ணனை அங்கதான் பறிகொடுத்தேன். போங்கடா!"

போனார்கள். போகிற போக்கில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். சில வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். திரிசூலங்கள் வேறெங்கோ தயாராகி, ஊர்வலமாக எங்கள் தெரு வழியாகவே போயின. நாங்கள் ஷட்டரை இறக்கவில்லை. ரஃபீக்கும் நானும் வாசலில் நின்று பார்த்தோம்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, டிராயிங்கில் அளவை மட்டும் பார்க்காதீர்கள். செய்கிற பொருள் யார்மேல் பாயப்போகிறது என்றும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் மெஷினை நிறுத்துங்கள். சுவிட்ச் எப்போதும் நம் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது.