கட்டின் நடுவில் இருப்பவர்கள்

1. விரலால் பேசும் வேலை

தோலைத் தரம் பார்த்து வாங்க அமெரிக்காவிலிருந்து ஆள் வரப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து பதினோரு நாள், தோல் பதனிடுகிற எங்கள் ஆம்பூர் ஷாப்பில் எனக்கு ஒரே வேலைதான். தோலைக் கட்டுக் கட்டுவது. இரண்டு டஜன் தோல் ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் மேலே மூன்று, கீழே மூன்று நல்ல தோல். நடுவில் இருக்கிற பதினெட்டில் பாதிக்கு மேல் ஒரு படி குறைந்த தோல்.

இதை எழுத இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்காக எழுதித் தரச் சொன்னார்கள். நடந்ததை மறைத்து எழுதினால் அவர்களுக்கு என்ன பயன்?

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். பதினான்கு வயதில், மயிர் போகத் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் இறங்கினேன். பிறகு தோலைச் சுழற்றிப் பதப்படுத்துகிற டிரம்மில் சில வருஷம். அதற்குப் பிறகு செலக்‌ஷன். முடிந்த தோலைத் தரம் பிரிப்பதற்குத்தான் அந்தப் பெயர். வடக்கு ஜன்னலுக்குக் கீழே மேஜை போட்டிருக்கும். மற்ற திசை வெளிச்சத்தில் தோல் தன் குறையை மறைத்துவிடும். கிரெய்ன் பக்கத்தை, அதாவது மயிர் இருந்த பக்கத்தை, மேலே வைத்து ஒரு தடவு தடவினால் உண்ணிக் கடி, முள் கீறல், அம்மைத் தழும்பு எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். ஒன்று முதல் நான்கு வரை தரம், ஒன்றுதான் உசத்தி. வாயால் சொல்ல மாட்டோம். டிரம் சத்தத்தில் காது கேட்காது. விரலைத் தூக்கிக் காட்டுவோம். தூக்கிப் போகிறவர் பார்த்து அந்த அடுக்கில் போடுவார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேனேஜர் கரீம் பாய்தான் கட்டுகளை இப்படிக் கட்டச் சொன்னார். மேலே இரண்டாம் தரம் என்று முத்திரை. நடுவில் மூன்றாம் தரம். அமெரிக்காவிலிருந்து ஆளை அனுப்புவது ஷூ செய்யும் பெரிய கம்பெனி. இந்த லாட், அதாவது இந்தத் தடவைச் சரக்கு, போய்விட்டால் அடுத்தடுத்து ஆர்டர் வரும் என்று ஷாப் முழுக்கப் பேச்சு.

"பாக்க வர்றவன் மேல நாலு பாப்பான், கீழ நாலு பாப்பான். நடுவுல கை வுட்றதுக்கு அவனுக்கு வேற வேல இல்லியா? ஏழுமல, லாட் பாஸ் ஆச்சின்னா நீதான் செலக்‌ஷன் மேஸ்திரி. மொதலாளியே சொல்ட்டாரு" என்றார்.

ஆகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மேஸ்திரி வேலை மேல் எனக்கு ஆசை இருந்தது. குழியில் இறங்கியவன் யாரும் எங்கள் ஷாப்பில் அதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

2. பின்சீட்டில் யாரும் இல்லை

காட்பாடி ஸ்டேஷனிலிருந்து கார் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஒரு கருப்பு மனிதர் இறங்கினார். நல்ல உயரம், நரைத்த தலை, கையில் ஒரு பழைய தோல் பை. கரீம் பாய் சம்பங்கி மாலையை வைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. டிரைவர்தான், "பாய், இவர்தான் பாய்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த மனிதர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மாலைக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார். இது மாதிரி பல ஊரில் பார்த்தவர் என்று எனக்குத் தோன்றியது. அவர் பெயர் ஹாலிஸ்.

தோலின் ஓரம் வெட்டுகிற டிரிம்மிங் பகுதியில் சரோஜாக்கா தன் பக்கத்திலிருந்தவளிடம், "தொர வர்றாரு தொர வர்றாருன்னாங்க. எங்க வாணியம்பாடி மாமா மாதிரி கீறாரே" என்றாள். கத்தரிக்கோல்கள் கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஓடின.

ஹாலிஸ் பையிலிருந்து தன் சொந்த ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார். அது எனக்குப் பிடித்தது. இதற்கு முன்னால் வந்தவர்கள் கையில் சென்ட் பூசிய கைக்குட்டையோடு வருவார்கள். இவர் மேஜையின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டெஸ்பாட்ச் கிளார்க் தாமஸ் சார் இங்கிலீஷுக்காக நடுவில் நின்றார். ஆனால் அவருக்கு வேலையே வரவில்லை. ஹாலிஸ் தோலைத் தடவி இரண்டு விரல் காட்டுவார். நானும் இரண்டு விரல் காட்டுவேன். ஒரு தோலுக்கு அவர் ஒன்று காட்டினார், நான் இரண்டு காட்டினேன். கழுத்துப் பக்கம் மயிர்க்கோடு மாதிரி ஒரு கீறலைத் தொட்டுக் காண்பித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, தன் விரலை இரண்டாக மாற்றிக்கொண்டார்.

பத்துக் கட்டு பார்த்தார். கரீம் பாய் சொன்ன மாதிரியே மேலே நாலு, கீழே நாலு. நாலாவது தோல் ஒரு படி குறைந்தது. தடவினாலும் விரலுக்கு லேசில் தட்டாத தோலாகப் பார்த்து நான்தான் அந்த இடத்தில் வைத்திருந்தேன். அதுவும் ஒரு திறமை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு முதலாளியோடு ஆபீசுக்குப் போனார்.

3. நாற்பது முகம்

அரை மணியில் அவர் மட்டும் திரும்பி வந்துவிட்டார். ஆபீசில் பிரியாணி போட்டுப் போட்டுத் தள்ளுகிறார்கள், தப்பித்து வந்தேன் என்று தாமஸ் சாரிடம் சொன்னாராம். முத்திரை போட்டு அடுக்கியிருந்த கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார். நாங்கள் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு எழுந்து நின்றோம். உட்காரச் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு புத்தகம் எடுத்தார்.

வழவழப்பான தாளில் பெரிய புத்தகம். அவர் படித்த காலேஜ் போட்டது. பக்கத்துக்கு ஒரு முகம், எல்லாம் கருப்பு முகம். கருப்பு அங்கியில் ஒரு ஜட்ஜம்மா. கண் டாக்டர் ஒருவர். ஆகாய விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ராணுவக்காரர். பாட்டுக்காரி ஒருத்தி. ஓட்டப்பந்தயத்தில் மெடல் வாங்கியவர். கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்திருக்கிற ஒரு கெமிஸ்ட்ரிக்காரர். தாமஸ் சார் ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். சரோஜாக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜட்ஜம்மாவின் பக்கத்தை மறுபடி திருப்பச் சொன்னாள்.

"எல்லாம் ஒரே காலேஜா? கருப்பா இருக்கறவங்க மட்டும் எப்பிடி ஒரே எடத்துல படிச்சாங்க?" என்று நான் தாமஸ் சாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் கேட்டுச் சொன்னார். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் காலேஜில் இவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலையான பிறகு அவர்கள் பிள்ளைகளுக்கென்று தொடங்கியது இது. கையில் காசு இல்லாததால், முதலில் சேர்ந்த பிள்ளைகளே செங்கல் அறுத்து, சூளை வைத்து, கட்டடத்தைக் கட்டினார்கள். பாடத்தோடு தச்சு, தையல், செருப்புத் தைப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

செருப்பு என்றதும் எல்லோரும் நிமிர்ந்தோம். சரோஜாக்கா, "அங்கயும் அப்பிடித்தானா" என்றாள். அதைத் தாமஸ் சார் மொழிபெயர்க்கவில்லை. எனக்குப் புரிந்தது. என் பள்ளிக்கூடத்தில் தோல் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் உட்கார்ந்தது எந்த மூலை என்று எனக்குத் தெரியும்.

எனக்குள் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. என்னையும் சேர்த்து அஞ்சாவது வரை இருபத்திரண்டு பேர் படித்தோம். ஒருவன் தாலுகா ஆபீசில் உத்தியோகத்துக்குப் போனான். ஆண்டு விழா வந்தால் பள்ளிக்கூடத்தில் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். மற்ற இருபத்தொரு பேரை யாரும் கேட்பதில்லை. நானும் அதில் ஒருவன்.

புத்தகம் என் கைக்கு வந்தபோது மூடி, விளிம்பில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். தோல் கட்டின் கனம் பார்க்கிற பழக்கம்.

"சார், இதுல எத்தினி பேரு இருக்காங்க?"

"நாப்பது."

"மொத்தம் அங்க படிச்சவங்க?"

ஆயிரக்கணக்கில் என்று ஹாலிஸ் சொன்னாராம்.

என் வாழ்க்கையில் வெளியூர்க்காரரிடம் நான் வாய் திறந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை. "அப்ப மேல வெச்ச நாப்பதப் பாத்துட்டோம். நடுவுல இருக்கறது எப்பிடின்னு கேளுங்க சார்."

சத்தியமாக நான் காலேஜைப் பற்றித்தான் கேட்டேன். கட்டைப் பற்றி என் மனசு நினைக்கவில்லை. கை நினைத்திருக்க வேண்டும்.

தாமஸ் சார் பாதி இங்கிலீஷில் சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது. அவருக்கு எங்கள் கட்டுகளின் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் பாதி போதுமாக இருந்தது. ஹாலிஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த மனிதர் அன்று சிரித்தது அப்போதுதான். பிறகு பேசினார். தாமஸ் சார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நடுவுல இருக்கறது நான்தான்னு சொல்றாரு. இவர எந்தப் புக்குலயும் போட மாட்டாங்களாம். ஒரு ரூம்ல நாலு பேர் இருந்தாங்களாம். ஒருத்தர் தபால்காரர். ஒருத்தர் கணக்கு வாத்தியார். ஒருத்தர் செத்துட்டாரு. நாலாவது இவரு. காலேஜ் நல்லதா இல்லியான்னு தெரியணும்னா புக்கப் பாக்காத, எங்க நாலு பேரப் பாருன்னு சொல்றாரு."

சொல்லி முடித்த பிறகு ஹாலிஸ் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. என்னைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த கட்டைப் பார்த்தார். எழுந்து, கயிற்றை இழுத்து அவிழ்த்து, கையை நடுவில் விட்டார்.

4. மூன்று விரல்

கரீம் பாய் அப்போதுதான் உள்ளே வந்தார்.

ஹாலிஸ் உருவிய தோலை வடக்கு ஜன்னலுக்குக் கீழே விரித்தார். நடு முதுகில் அம்மைத் தழும்பு, நெல்லைத் தூவின மாதிரி. அவர் விரல் எதையும் காட்டவில்லை. மேஜையின் அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். காலையிலிருந்து நாங்கள் செய்த மாதிரிதான். இப்போது என் முறை.

கட்டின் மேல் இருந்த முத்திரை இரண்டு. கரீம் பாய் தொண்டையைச் செருமினார். நான் இரண்டு விரல் காட்டியிருந்தால் ஒருவேளை பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். அமெரிக்காவில் எப்படியோ, எங்கள் பக்கம் இது இரண்டுதான் என்று தாமஸ் சார் ஏதாவது சொல்லியிருப்பார். நான் தோலைப் பார்த்தேன். தழும்பு அப்படியே இருந்தது.

மூன்று விரல் காட்டினேன்.

ஹாலிஸும் மூன்று காட்டினார். பிறகு அடுத்த கட்டை இழுத்தார்.

சாயங்காலம் முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கரீம் பாய் பக்கத்தில் நின்றார். முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"அந்தாளு நடுவுல கை வுட்டாரு, சரி. உன்ன யாரும் ஒண்ணும் கேக்கல. நீ இன்னாத்துக்கு மூணு காட்டுன?"

"மொதலாளி, அது மூணுதான்."

"மூணுதான்னு எனக்கும் தெரியும்பா" என்றார். மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். "ரொம்ப பேஜார் பண்ணிட்ட. போ. நாளைக்கி கரெக்டா வந்துடு."

லாட்டை ஹாலிஸ் திருப்பி அனுப்பவில்லை. எல்லாக் கட்டையும் பிரித்து மறுபடி தரம் பார்க்க வேண்டும், மூன்று என்றால் மூன்றுக்குரிய விலை என்றார். மூன்று நாள் அவரும் நானும் அதே மேஜையில் நின்றோம். நான்கு மணிக்கு ஜன்னல் வெளிச்சம் மங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுவோம். அவரிடம் கேட்க எனக்கு இன்னும் நூறு கேள்வி இருந்தது. அந்தச் செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறதா, ஜட்ஜம்மாவின் அப்பா என்ன வேலை செய்தார், தபால்காரருக்கு எத்தனை பிள்ளைகள். ஆனால் தாமஸ் சாரை என் பக்கம் வராமல் கரீம் பாய் பார்த்துக்கொண்டார். விரலால் கேட்க முடிந்ததைத்தான் கேட்டேன்.

மேஸ்திரி நாற்காலி வேறு ஒருவருக்குப் போனது. ரம்ஜான் வரை கரீம் பாய் என்னோடு பேசவில்லை. நான்கு வருஷம் கழித்து அந்த மேஸ்திரி ராணிப்பேட்டைக்குப் போனபோது, முதலாளி என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அந்தக் கம்பெனிக்குப் போகிற கட்டுகளில் அதற்குப் பிறகு யாரும் மேலே நல்லதும் நடுவில் குறைந்ததுமாக வைக்கவில்லை. வேறு பார்ட்டிகளுக்கு வைப்பது இன்னும் சில ஷாப்பில் நடக்கிறது. என் மேஜையில் இல்லை.

5. புத்தகத்தின் நடுப்பக்கம்

கிளம்பும் அன்று ஹாலிஸ் அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. கை தானாக நடுவுக்குப் போனது.

அங்கே ஒரு சின்ன போட்டோ செருகியிருந்தார். செங்கல் சுவரில் சாய்ந்து நான்கு வாலிபர்கள். பின்பக்கம் பென்சிலால் நான்கு வரி. மறுநாள் தாமஸ் சார் கரீம் பாய் இல்லாத நேரம் பார்த்துப் படித்துச் சொன்னார். தபால்காரர். கணக்கு வாத்தியார். ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிலுவை. கடைசியில், தோல் தரம் பார்க்கிறவர்.

செலக்‌ஷனுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே இருப்பது யார் கட்டினாலும் நன்றாகத்தான் இருக்கும். அது தோலின் குணம் இல்லை, கட்டினவன் கையின் குணம். உங்களை யாராவது எதையாவது பார்க்கச் சொன்னால், நடுவில் கை விடுங்கள். அப்புறம் கைக்குத் தெரிந்ததை அப்படியே விரலில் காட்டுங்கள். இரண்டாவதுதான் கஷ்டம்.

அந்த போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பலமுறை பார்த்திருக்கிறேன். சுவரில் இருப்பது, காலேஜில் முதலில் சேர்ந்த பிள்ளைகள் அறுத்த செங்கல்தான் என்று நினைக்கிறேன். ஒரு கல் நீளம், ஒரு கல் குட்டை, சிலது மூலை உடைந்தது. தரம் பிரித்தால் பாதிக்கு மேல் மூன்றாவதுதான் வரும். சுவர் நேராக நிற்கிறது.