ரீபெக்கா அக்காவின் கழுத்து

இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் குனிந்து நின்று ஆட்டுத்தொடையிலிருந்து எலும்பு பிரித்தவளுக்குக் கழுத்து வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்? ரீபெக்கா அக்காவால் இடது பக்கம் திரும்பவே முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாள். ஆலையில் எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

எங்கள் இறைச்சி ஆலை குளிர்காலத்தில் மூடிவிடும். திறக்கும்போது பணிமூப்புப் பட்டியலின்படி ஆள் கூப்பிடுவார்கள். அன்றைக்கு உடல்தகுதிச் சான்று கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனை வருட மூப்பும் போச்சு; பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஐம்பத்தாறு வயதில் அது நடக்கிற காரியமா?

சான்றுக்காக ஆலை அவளை ஸ்டூவர்ட் என்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பியது. அக்காவிடம் கார் இல்லை. வாராவாரம் நான்தான் கூட்டிப்போனேன். அந்தப் பையனைக் குறை சொல்லக்கூடாது, பொறுமையாகத்தான் சொன்னான்.

"குப்புறப் படுக்காதீங்க. கழுத்து ராத்திரி முழுக்க முறுக்கிக்கிட்டே இருக்கும். ஒருக்களிச்சுப் படுங்க. காதுக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி அளவுக்குத் தலையணை உயரம் இருக்கணும். முழங்காலுக்கு நடுவுலயும் ஒரு தலையணை வச்சுக்கோங்க."

வெளியே வந்ததும் அக்கா வெடித்தாள். "தலைக்கு வைக்கறதைக் காலுக்கு நடுவுல வைக்கணுமாம்! எங்கம்மா இருந்திருந்தா அவனையும் என்னையும் சேர்த்து வெளுத்திருப்பா."

"அவன்கிட்டயே சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"போடி எரானா. அந்த வெள்ளக்காரப் பையனுக்கு நம்ம வழக்கத்தைப் பாடமா எடுக்கச் சொல்றியா?"

எங்கள் மாவோரி வீடுகளில் தலை புனிதம். தலையணைமேல் உட்கார்ந்தாலே அடி விழும். அக்கா ஒரு பழைய கம்பளியைச் சுருட்டி முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். தாடையை உள்ளே இழுத்து ஐந்து எண்ணுவாள். காதைத் தோள் பக்கம் சாய்த்து இருபது எண்ணுவாள். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரமெல்லாம் இதே வேலை. ஐந்தாவது வாரம் நான் காரைப் பின்னால் எடுக்கும்போது, இடது பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்து, "வாடி வா, வண்டி எதுவும் வரல" என்றாள். எனக்குப் பகீரென்றது. ஏனென்று சொல்கிறேன், பொறுங்கள்.

கடைசிச் சோதனை அன்று ஸ்டூவர்ட் கேட்டான். "முழங்காலுக்கு நடுவுல தலையணை வச்சீங்களா?"

"இல்ல."

"ஒரு நாள்கூடவா?"

"இல்ல."

கம்பளியைப் பற்றி வாய் திறக்கவில்லை, அந்த அழுத்தக்காரி. அதுவரை பயிற்சிகளைத் தள்ளி நின்று செய்து காட்டியவன், அன்றைக்கு அவள் பின்னால் போய், ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்தான். அக்கா விறைத்துப்போனாள். அவன் திருப்பப் பார்க்கப் பார்க்க அவள் இன்னும் இறுகினாள்.

"கொஞ்சம்கூட அசையலையே" என்று சொல்லிக்கொண்டே எழுதினான்.

அக்கா கண் கலங்க என்னைப் பார்த்தாள். 'கையை எடுங்க, அவங்களே திருப்பிக் காட்டுவாங்க.' அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. என் பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி!

சான்று வரவில்லை. சொன்னதைச் செய்ய மறுக்கிறார் என்று அறிக்கை போய்விட்டது. அவன் அறியாமல் செய்தான். நான் அறிந்தே செய்தேன். எலும்பு மேசைக்கு அந்த வருடம் நாற்பது பேர் போதும் என்று குளிர்காலத்திலேயே அறிவித்திருந்தார்கள். பட்டியலில் அக்கா நாற்பதாவது. நான் நாற்பத்தொன்று.

ஆலை திறந்த அன்று காலை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கையில் அப்போதுதான் எண்ணெயில் பொரித்தெடுத்த ரொட்டி, துணியில் சுற்றி.

"மதியத்துக்கு வச்சுக்கோ. உனக்காவது கிடைச்சுதே, அது போதும்டி" என்றாள்.

மதியம், அவள் நின்று வேலை பார்த்த மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன்.