சாவியைக் குளத்தில் எறிந்த இளவரசன்

சீனாவின் யீச்சாங் நகரில் மூக்குக் கண்ணாடிக் கடையொன்றில் லென்ஸ் தீட்டும் யின் பெய்லான் கணவனையும் கையெழுத்துப் போடவைத்து விவாகரத்துக்கு மனுக் கொடுத்திருந்தாள். மனுக் கொடுத்த கையோடு பிரிந்துவிட முடியாது. ஒரு மாதம் ஆறப்போட்டு, கணவனும் மனைவியும் மறுபடி சேர்ந்து வந்து கேட்டால்தான் சான்றிதழ். ஒருவர் பின்வாங்கினாலும் மனு செத்துப்போகும். கதவைப் பூட்டியவனுக்கும் உள்ளே கிடந்தவளுக்கும் ஒரே அளவு கோபம்தான் இருக்கும், ஆறட்டும் என்று நினைத்தவர்களை என்னவென்று சொல்வது?

அந்த மாதத்தை அவள் ஓட்டியது ஒரு தொடர்கதையின் தயவில். கைபேசியில் தினம் ஓர் அத்தியாயம் வரும். வரி அலுவலகத்துப் பெண் ஒருத்தி குளியலறையில் வழுக்கி விழுகிறாள். கண் விழித்தால் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், ஓர் இளவரசனின் வேண்டாத மனைவியாகக் கிடக்கிறாள். மனைவியை விரட்ட அந்தக் காலத்துக் கணவனுக்கு ஏழு காரணங்களைச் சட்டமே எழுதிக் கொடுத்திருந்தது. மனைவிக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஆகவே அவனிடமிருந்து விடுபட, அவனுடைய காரணங்களைத் தானே செய்து முடிக்கக் கிளம்புகிறாள். திருட்டு ஒரு காரணம் என்று அவன் இடுப்புப் பட்டையைத் திருடினால், அதற்குப் பொருத்தமான செருப்பையும் அனுப்பிவைக்கிறான். வாயாடுவது ஒரு காரணம் என்று மணிக்கணக்கில் வரிச்சட்டம் பேசினால், நிம்மதியாகக் குறட்டை விடுகிறான்.

பெய்லான் மேசையில் தலை கவிழ்ந்து சிரிப்பாள். பக்கத்தில் பிரேம் பொருத்தும் தாவ் அக்காவும் அதே கதையைத்தான் படித்தாள்.

"நேத்து மிளகாய் வதக்குறா பாத்தியாடி? அந்தக் காலத்துல நம்ம ஊருல ஏதுடி மிளகாய்?"

"விடுக்கா. பசியில இருக்கிறவ எதையோ வதக்கித் தின்னுட்டுப் போறா."

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. நாயகி சுவரேறி ஓடப் பார்க்கிறாள். இளவரசன் அவளை அறைக்குள் இழுத்துப் பூட்டி, சாவியை ஜன்னல் வழியே தாமரைக் குளத்தில் எறிகிறான். எறிந்த பிறகுதான், தானும் உள்ளே இருப்பது அவனுக்கு உறைக்கிறது. "சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்று அவளையே கேட்கிறான். நாயகி உருகிப்போகிறாள். வாசகர்கள் கீழே வரிசையாக 'தித்திப்பு' என்று எழுதியிருந்தார்கள்.

பெய்லானும் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. போன குளிர்காலத்தில், அம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பியவளை அவள் கணவன் லூ சிங்பாங் இரண்டு நாள் அறையில் பூட்டிவைத்தான். திறந்தபோது அவனும் ஒரு நகைச்சுவைதான் சொன்னான்.

மதிய இடைவேளையில் அவள் விமர்சனம் எழுதினாள்: "இந்த எழுத்தாளருக்குச் சிரிக்கவைக்கத் தெரியும். வேலைக்காரி முதல் சமையல்காரன்வரை ஆளுக்கொரு குரல் கொடுக்கத் தெரியும். மிளகாயை மன்னிக்கிறேன். இதை மன்னிக்க மாட்டேன். நம் காலத்து மூளையோடு போன பெண், பூட்டிய கதவைக் கண்டதும் அந்த மூளையை எங்கே வைத்தாள்? மோசமாக எழுதியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். நன்றாக எழுதியிருப்பதுதான் குற்றம்."

பதில்கள் பாய்ந்து வந்தன. 'கதையைக் கதையாகப் படி' என்றது ஒன்று. 'உன்னை எவனும் பூட்டிவைக்கவில்லை, அந்தப் பொறாமை' என்றது இன்னொன்று.

"பதில் போடாத, போனை இங்க குடு" என்று கை நீட்டினாள் தாவ் அக்கா.

அதற்குள் சிங்பாங்கிடமிருந்து செய்தி வந்தது. அவன் தங்கையும் அந்தக் கதையைப் படிப்பவள். அவள் காட்டிய அதே அத்தியாயத்தைப் படமெடுத்து அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: "பாத்தியா, அவளே சமாதானமாயிட்டா. நீயும் சிரிச்சிரு."

சான்றிதழ் வாங்கக் குறித்த நாளில் அவன் பதிவு அலுவலகத்துக்கு வந்தான், கையில் பெரிய பூங்கொத்தோடு. முறை வந்ததும் சட்டைப் பையைத் தடவி நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அடக் கடவுளே, அடையாள அட்டைய வீட்லயே விட்டுட்டேனே. பொண்டாட்டிய விடக்கூடாதுங்கிற நெனப்புல அதை விட்டுட்டேன் போல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "எவ்வளவு பாசமா இருக்காரு, போம்மா வீட்டுக்கு" என்றாள் ஒரு பெண்.

"அவர் மறக்கல, வேணும்னே விட்டுட்டு வந்திருக்காரு" என்றாள் பெய்லான். "என்னைப் பூட்டிவெச்சப்பவும் இப்படித்தான் பேசினாரு. இப்ப சிரிங்க."

சிரிப்பு நின்றது. சிங்பாங் பூங்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "என்ன பெய்லான், நாலு பேர் முன்னாடி…"

அவள் எழுத்தரிடம் திரும்பினாள். "இவர் சம்மதம் இல்லாம கேக்கணும்னா எங்க போகணும்?"

"கோர்ட்டுக்குத்தான்மா. ஆனா முதல் தடவையில பெரும்பாலும் தரமாட்டாங்க. சேந்து வாழப் பாருங்கன்னு அனுப்பிருவாங்க."

"ரெண்டாவது தடவையும் கேப்பேன்" என்றாள் பெய்லான். "எந்த பஸ்ஸுன்னு சொல்லுங்க."