கதவைச் சாத்தாத மாப்பிள்ளை

1978 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். அன்றைய என் நாட்குறிப்பு வழக்கம்போலத்தான் தொடங்குகிறது. காலை 4.45 எழுந்தேன். 5.15 ஆலைக்குப் போனேன். சனிக்கிழமைக் கொழுந்தின் கடைசிப் பகுதி 10.40க்கு உலர்ந்து முடிந்தது. 11.10 வீடு. மழை. மதியம் ரசமும் பொரித்த நெத்திலியும்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. ஆலையில் தேயிலையை உலர்த்தும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. உலர்ந்த தூளுக்கு இரண்டு எதிரிகள்: ஈரமும் புகையும். ஈரக் காற்று பட்டால் தூள் பதத்துவிடும். அடுப்பின் புகை கொஞ்சம் கசிந்தாலும் சுவை கெட்டுவிடும்; தோட்ட மேலாளரான துரை ஒரு வாய் ருசித்துவிட்டுத் துப்பிவிடுவார். அதனால் காலை முதல் மாலைவரை என் மூக்கு புகையைத் தேடிக்கொண்டே இருக்கும். புகை இல்லாத நெருப்பு நல்ல நெருப்பு. பதின்மூன்று ஆண்டுகளாக நான் கற்றதும் பிறருக்குக் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான்.

அது பள்ளி விடுமுறை. தாப்பாவுக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்த என் தங்கை, கணவரோடும் ஏழு மாதப் பெண் குழந்தையோடும் ஒரு வாரம் தங்க வந்திருந்தாள். அவர்கள் வருவதற்கு முன்பே நான் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மண்ணெண்ணெய் டின் வீட்டுக்கு வெளியே. தீப்பெட்டி மேல் தட்டில். தண்ணீர் கொதித்த பிறகே குடிக்க வேண்டும். லோரி வரும் வளைவில் பிள்ளைகள் விளையாடக் கூடாது. கடைசி விதி மட்டும் அவர்கள் வந்த மறுநாள் சேர்த்தது: கதவைத் திறந்து போடக் கூடாது.

அது மாப்பிள்ளைக்காகவே எழுதியது. தங்கை கணவர் லோரி ஓட்டுபவர், சிரித்த முகம், எதையும் எடுத்த இடத்தில் வைக்க மாட்டார். உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அவருக்குப் பின்னால் கதவு ஆடிக்கொண்டு நிற்கும்.

"கதவு, மாப்பிள்ளை!"

"மறந்துட்டேன்லா மச்சான். எங்க பக்கம் கதவ சாத்துனா வேர்த்தே செத்துருவோம்."

"இங்க சாத்தலன்னா வெறச்சுச் செத்துருவோம்."

"ஐஸ் பெட்டிக்குள்ள குடும்பம் நடத்துற ஆளு நீங்க. உங்க பேச்சுக்கு அப்பீல் ஏது?"

ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இது நடக்கும். என் ஏழு வயது மகள் எண்ணிச் சொல்வாள்.

அன்று மதியம் என் மனைவி மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒரு சடங்கு வீட்டுக்குச் சமையல் உதவிக்குப் போயிருந்தாள். ஒரு மணிக்குப் பிறகு மலை உச்சியிலிருந்து பனி இறங்கியது. தேயிலை வரிசைகள் மேலிருந்து ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வந்தன. கடைசியில் எங்கள் லயத்துக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் குழாயும் காணாமல் போனது. குழந்தையின் கைகள் சில்லிட்டிருந்தன. தங்கை அவளை மடியில் இறுக்கிக்கொண்டு, "அண்ணே, புள்ளைக்கு ஒதடு நீலமா இருக்கு பாரு" என்றாள்.

நான் முறையாகத்தான் செய்தேன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த கரி அடுப்பு ஒன்று இருந்தது. அதை வாசலில் வைத்து, கரி முழுவதும் சிவந்து புகை அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஆலையில் செய்வதுபோலவே, ஒரு பிடி தேயிலைத் தூளைத் துணியில் கட்டி அந்தச் சூட்டின்மேல் பதினைந்து நிமிடம் பிடித்து முகர்ந்து பார்த்தேன். புகை வாடை துளியும் இல்லை. 2.05க்கு அடுப்பை அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். சூடு வீணாகாதபடி ஜன்னல் இடுக்குகளிலும் கதவின் அடியிலும் சாக்குத் துணியைக் கிழித்துச் செருகினேன். மகள் உற்சாகமாகத் துணி எடுத்துக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை விரல் இடுக்கில் சிகரெட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"புகையோட உள்ள வராதீங்க. கொழந்த இருக்கு."

"சரி, வீட்டு மாப்பிள்ளைய வெளிய தள்ளிட்டு அடுப்ப உள்ள கூப்பிட்டுக்கிட்டீங்க. நடத்துங்க மச்சான்" என்று சிரித்துக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, அடியில் துணியைச் சரி செய்தது நான்தான்.

அதற்குப் பிறகு வந்த நேரத்தை நான் எப்படி எழுதுவது? அத்தனை இதமான ஒரு பிற்பகலை நான் அதுவரை அறிந்ததில்லை. தகரக் கூரைமேல் மழை ஒரே சீராகப் பெய்தது. கரி உள்ளே சிவந்து சிவந்து அடங்கியது. குழந்தையின் முஷ்டி மெல்ல விரிந்தது. "சூட்டுல கன்னம் செவந்துருச்சு பாரு" என்றாள் தங்கை. சற்று நேரத்தில் சுவரில் சாய்ந்தபடியே அவளும் தூங்கினாள். மகள் ஜன்னல் கண்ணாடியின் ஆவியில் விரலால் வீடு வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, தலை கனமா இருக்கு."

"வந்து படுத்துக்கம்மா."

அவள் வந்து என் தொடையில் தலைவைத்தாள். எனக்கும் நெற்றியில் ஒரு பாரம். அதிகாலையில் எழுந்த அசதி என்று நினைத்தேன். நாட்குறிப்பை எடுத்து எழுதினேன். 3.35. அறை நல்ல சூடு. எல்லோரும் பத்திரம். கடைசி எழுத்திலிருந்து ஒரு மைக்கோடு கீழே இறங்கி, தாளின் ஓரம்வரை போயிருக்கிறது. அந்தக் கோட்டை நான் இழுத்தது எனக்கு நினைவில்லை.

நினைவிருப்பது ஆலை. உலர்த்தும் தட்டுகளில் கொழுந்துக்குப் பதிலாகப் பனி பரப்பியிருந்தது. வெள்ளையாக, மெதுவாக, அது தட்டுத் தட்டாக வழிந்துகொண்டிருந்தது. பனி நனைந்துவிடுமே, யாராவது கதவைச் சாத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் எங்கோ தூரத்தில் இருந்தது. அதைப் பற்றிக் கவலையும் வரவில்லை. எதைப் பற்றியும் கவலை வரவில்லை. என் வாழ்நாளில் கவலையே இல்லாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

இனி எழுதுவது மாப்பிள்ளை சொன்னது. வராந்தாவில் அவருடைய தீப்பெட்டி மழையில் நமத்துவிட்டது. நான்கு மணி வாக்கில், அடுப்புக் கரியில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் தள்ளித் திறந்தார். வழக்கம்போல் அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டடி உள்ளே வந்தார். பனி அவருக்கு முன்னால் அறைக்குள் நுழைந்தது. அவர் நின்றார், என் குரலுக்காக.

"கதவ தெறந்துபோட்டு நின்னேன் மச்சான். வாயில சிகரெட்டு வேற. நீங்க திட்டல. கண்ணு பாதி தெறந்திருக்கு, திட்டல. அப்பவே தெரிஞ்சிருச்சு, என்னமோ தப்புன்னு."

அவர் முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடிப்போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, அப்படியே மருந்தகத்துக்கு ஓடினார். பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து எங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது நான் சேற்றில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் என் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். தங்கை, "எம்புள்ள எங்க, எம்புள்ள எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். அதைப் பார்த்தேன், முள் தெரிந்தது, மணி புரியவில்லை.

குழந்தை தோட்டத்து மருந்தகத்தில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர், தலை நரைத்த மனிதர், அவளை மேசையில் கிடத்தி வாயோடு வாய்வைத்துச் சிறுகச் சிறுக ஊதிக்கொண்டிருந்தார். அவள் துணிபோலக் கிடந்தாள். மாப்பிள்ளை பற்றவைக்காத சிகரெட்டைக் கையில் பொடியாக்கிக்கொண்டு நின்றார். கூரையில் மழை அதே சீராகத்தான் பெய்தது. பிறகு பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் முழு அழுகை. அந்த அழுகை கேட்டபோதுதான் கடிகாரத்தில் மணி எனக்குப் புரிந்தது: 4.27.

டிரெசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "கரி அடுப்பா? ஜன்னல் எல்லாம் சாத்தியா?"

"புகையே இல்லைங்கய்யா. நல்லா சோதிச்சுத்தான் வச்சேன்."

"புகை இருந்தா நீயே இருமிக்கிட்டு எழுந்து ஓடியிருப்பே. கரியிலேர்ந்து வர்ற வெசத்துக்கு நெறம் கெடையாது, மணம் கெடையாது. உன் மூக்கு பேக்டரிக்கு சரிப்பா. இதுக்கு ஆவாது."

தோட்டத்து லோரியில் எல்லோரையும் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தங்கையையும் குழந்தையையும் இரவு வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்புவதாகச் சொன்னார்கள். எங்களை மாலையே விட்டுவிட்டார்கள். சடங்கு வீட்டிலிருந்து ஓடிவந்திருந்த என் மனைவி திரும்பும் வழியெல்லாம் மகளின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த தாளை நீண்ட நேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போது பத்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் எழுதியிருந்ததெல்லாம் பிறருடைய கவனக்குறைவைப் பற்றியது. என் கையால் தூக்கிக்கொண்டு வந்து அறையின் நடுவில் வைத்தேனே, அது அதில் இல்லை. நான் பத்திரம் என்று எழுதிய அறையில், என்னிடம் நாளெல்லாம் திட்டு வாங்கிய மனிதர் செய்த அதே தவறுதான் காற்றாக உள்ளே வந்தது. குளிர் நாளில் அறையில் நெருப்பு வைப்பவர்களைக் கண்டால் இன்றும் நான் முதலில் ஜன்னலைத்தான் பார்க்கிறேன். விடுமுறைக்கு உறவுகள் வரும்போது வீட்டின் கட்டுப்பாடுகளை நான் தனியாக எழுதுவதில்லை. எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு மறுநாளின் நாட்குறிப்பு: 1978 டிசம்பர் 11, திங்கட்கிழமை. காலை 6.05. முதல் வேலையாகச் சாக்குத் துணிகளை உருவினேன், பதினொரு துண்டுகள். பிறகு கதவைக் கழற்றிக் கிடத்தி, அடியில் காற்று நுழைய இரண்டு விரற்கடை அளந்து கோடு போட்டு, ரம்பத்தை எடுத்தேன். மாப்பிள்ளை மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"தோட்டத்துக் கதவு மச்சான். தொரை கேட்டா?"

"எலி கடிச்சிருச்சுன்னு சொல்லலாம்."

"எலி அளவுகோல் வச்சுக் கடிக்குமா?"

இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கதவைத் திரும்ப மாட்டினோம். குழந்தையை அழைத்துவர முதல் பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார்; வழக்கம்போல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத்தான். பனி உள்ளே வந்து என் கால்களைத் தொட்டது. நான் எழுந்து போய்ச் சாத்தவில்லை.