அண்ணன் கேட்க மறுத்த குரல்

அன்று நான் குடித்திருந்தேன் என்று இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்லட்டும். அன்று மாலை என் வயிற்றில் இருந்தது கறி அடைத்துச் சுட்ட ஒரு மீட் பையும் ஒரு கப் டீயும்தான். இது நடந்தது. என் காதால் கேட்டேன். நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள்.

என் பெயர் மெர்வ். ‘வூல்ஷெட்ஸ்’ என்ற ராக் குழுவுக்கு முதல் நாளிலிருந்து சவுண்ட் பார்த்தவன். கார்த் பாஸ்கோ, லைல் பாஸ்கோ என்ற அண்ணன் தம்பிதான் அந்தக் குழு. டிரம்ஸ்காரனும் பேஸ் கிட்டார்காரனும் வருவார்கள், போவார்கள். ஆஸ்திரேலியாவில், ப்ரோக்கன் ஹில்லில் சுரங்கத் தொழிலாளிகள் குடிக்கும் ஒரு பப்பில் ஆரம்பித்தோம். அண்ணன் எடுத்துப் பாடுவான். தம்பி அதற்கு மேலே ஒரு சுரத்தில் ஒட்டிக்கொண்டே வருவான். இரண்டு குரலும் சேர்ந்தால், பீரை வாய்க்குக் கொண்டுபோனவன் கை பாதியில் நிற்கும். ஓட்டை வேனில் அடிலெய்டு போனோம், மெல்போர்ன் போனோம். நாலே வருடத்தில் எந்த ரேடியோவைத் திருப்பினாலும் எங்கள் பாட்டுதான். லைல் பாடும்போது கார்த் அவனைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பெற்றவள்கூட அப்படிப் பார்க்கமாட்டாள்.

யார் கண் பட்டதோ தெரியவில்லை. ரெக்கார்டு கம்பெனிக்காரன் அடுத்த ஆல்பத்தின் அட்டையில் கார்த்தின் முகத்தை மட்டும் போட்டான். தனியாகப் பாடு, தம்பி உனக்குச் சுமை என்று காதில் ஓதினான். கார்த் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ரேடியோ பேட்டியில், எவனோ ஒரு அறிவிப்பாளன் வாயிலிருந்துதான் லைலுக்கு விஷயமே தெரிந்தது. கூடப் பிறந்தவனுக்குச் செய்கிற காரியமா இது?

அதற்குப் பிறகு தனிக் கார், தனி அறை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மேடையில் ஒவ்வொருவன் காலடியிலும் சாய்வாக ஒரு ஸ்பீக்கர் இருக்கும், மானிட்டர் என்போம். கூட்டத்துக்குக் கேட்பது வேறு, பாடுகிறவனுக்கு அதில் கேட்பது வேறு. யாருக்கு யார் குரல் எவ்வளவு வேண்டுமோ, மேடை ஓரத்தில் உட்கார்ந்து நான் கொடுப்பேன். ஒருவன் தன் நெஞ்சைத் தொட்டு விரலை மேலே காட்டினால், என் குரலை ஏற்று என்று அர்த்தம். எந்தக் குழு உடையப்போகிறது என்று அந்த விரலைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த கடைசிச் சுற்றுப்பயணம் தொடங்கிய அன்று கார்த் என்னிடம் வந்தான்.

“மெர்வ், என் மானிட்டர்ல அவன் குரல் வேணாம்.”

“எவ்வளவு குறைக்கணும்?”

“குறைக்கச் சொல்லல. எடுத்துடு.”

“தம்பி குரல் கேக்காம எப்படிடா சேர்ந்து பாடுவ?”

“உன் வேலையைப் பாரு.”

மறுநாள் லைலும் அதையே கேட்டான். வீம்புக்கு வீம்பு. ஒருவன் குரல் மற்றவனுக்குக் கேட்காமலே ஊர் ஊராகச் சேர்ந்து பாடினார்கள். கீழே ஜனம் உருகியது. எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசிக் கச்சேரி ஆல்பரியில். எண்பத்தாறு ஜனவரி, எங்கள் நாட்டில் கொளுத்துகிற கோடை. அன்று காலையில் சிட்னியிலிருந்து காரில் கிளம்புமுன் லைல் எனக்குப் போன் செய்தான்.

“மெர்வ், இன்னிக்கு மட்டும் கார்த் குரலை என் மானிட்டர்ல போடு. கடைசியா ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன்.”

“போடறேன்டா.”

“அவனும் என் குரலைக் கேப்பானா? நான் கேட்டா கடிச்சுக் குதறுவான். நீ கேட்டுப் பாரேன்.”

இன்றைக்கு இவன் குரலை அவன் கேட்டுவிட்டால் போதும், உடைந்தது ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். பைத்தியக்கார ஆசைதான்.

மாலை ஐந்து மணிக்கு, கச்சேரிக்கு முன்னால் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக். ஹால் காலி. ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. லைல் வரவில்லை.

“கடைசி நாள்லயும் என் மூஞ்சில கரி பூசத்தான் பாக்கறான்,” என்றான் கார்த்.

“வழியில எங்கயாவது ஆக்சிடென்ட் ஆகிப் போலீஸ் ரோட்டை அடைச்சிருக்கும். லைல் வந்துடுவான். கார்த், இன்னிக்கு ஒரு நாள் அவன் குரலை உன் மானிட்டர்ல...”

“போடாத.”

“அவன்தான் கேட்டான்டா.”

“போடாதன்னு சொன்னேன்.”

கார்த் பாட ஆரம்பித்தான். இரண்டு வரிதான். நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“அவனை எடுக்கச் சொன்னேன்ல?”

“எடுத்துதான் இருக்கு.”

“அப்ப இது யாரு?”

லைலின் மைக் தனியாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. மேடைக்குப் போய் அந்த மைக்கின் ஒயரையே பிடுங்கினேன். பிடுங்கிய நுனியைத் தூக்கிக் காட்டினேன்.

கார்த் மறுபடி பாடினான். பாடப் பாட அவன் முகம் மாறியது.

நான் குனிந்து அவன் மானிட்டரில் காதை வைத்தேன்.

லைல்.

அதே மேல் சுரம். அண்ணன் குரலோடு ஒட்டிக்கொண்டு... ஆனால் மெதுவாக. மூச்சு வாங்க வாங்க.

அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். கூடவே இன்னொரு சத்தம்.

டிக்... டிக்... டிக்...

கார்த் பாட்டை நிறுத்தினான். அந்தக் குரல் நிற்கவில்லை.

“கார்த்... இங்க இருக்கேன்...”



“டிரெஸ்ஸிங் ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டு ஆட்டம் காட்டறான்,” என்றான் கார்த். “போய்ப் பாரு.”

லைலின் அறை பூட்டியிருந்தது. சாவி என் பையில். திறந்து பார்த்தேன். நாற்காலி, கண்ணாடி, மூடிய ஜன்னல். ஒருவரும் இல்லை.

திரும்பி ஓடி வந்தேன்.

“இல்லடா. யாரும் இல்ல.”

“கார்த்... வா...”

பயமோ கோபமோ, கார்த் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான்.

“வாயை மூடு! போதும் உன் நாடகம். அங்கயே கெடந்து செத்துத் தொலை!”

மானிட்டரை எட்டி உதைத்தான். ஒயர் அறுந்தது.

அந்தக் குரலும் நின்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பது.

எட்டு மணிக்கு ஹால் நிறைந்து, ஜனம் காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தபோது போலீஸிடமிருந்து போன் வந்தது. டார்கட்டாவுக்குப் பக்கத்தில், ஆல்பரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே, ஒரு லாரி டிரைவர், ஓடையில் கவிழ்ந்து இண்டிகேட்டர் இன்னும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்த லைலின் காரைப் பார்த்திருக்கிறான். கார் கவிழ்ந்தது நாலு மணி வாக்கில். கால் இரண்டும் சிக்கிக்கொண்டு ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆறு மணிக்குள் யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

கார்த் மேடைக்கே போகவில்லை. வூல்ஷெட்ஸ் அன்றோடு சரி.

இரண்டு மாதம் கழித்து லைலின் மரணத்தைப் பற்றி விசாரணை நடந்தது. நானும் கார்த்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஓடைக்கு எதிர்க்கரையில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண், நோலீன் என்று பெயர், சாட்சி சொல்ல வந்தாள்.

“சாயங்காலம் அஞ்சரை தாண்டி இருக்கும், யாரோ கூப்பிடற சத்தம் கேட்டுது. என்னமோ ஏதோன்னு பூட்ஸை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். பாதி தூரம் போயிட்டேன்.”

“ஏன் திரும்பினீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“அங்க ரெண்டு பேர் இருந்தாங்க சார்.”

“காரில் ஒருத்தர்தான் இருந்தார்.”

“இல்ல சார், ரெண்டு குரல். ஒருத்தன் கார்த், இங்க இருக்கேன்னு கூப்பிட்டான். இன்னொருத்தன் வாயை மூடு, அங்கயே கெடந்து செத்துத் தொலைன்னு கத்தினான். குடிகாரச் சண்டை, நமக்கெதுக்குன்னு வீட்டுக்கு வந்துட்டேன்.”



“அந்த ரெண்டாவது குரலைத் திரும்பக் கேட்டா அடையாளம் சொல்வீங்களா?”

“சொல்வேன் சார். அந்தக் குரல் இன்னும் என் காதுலயே இருக்கு.”

அடுத்து கார்த்தைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நோலீன் பார்த்துக்கொண்டிருக்க, போய் நின்றான். பெயரைக் கேட்டார்கள். வாயைத் திறக்கவில்லை.

இன்றுவரை யாரிடமும் திறக்கவில்லை.